பாலைக் கல்லும் கொறங்காட்டு வெளிச்சமும்

ராஜஸ்தான் பாலையில் படமெடுத்ததையும் நம் கொங்கு நாட்டுக் கொறங்காட்டை (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தை) படமெடுப்பதையும் பற்றி மூன்று ஊர்க்காரர்கள் எழுதியவை இவை.

காங்கேயத்திலிருந்து:

ஜெய்சல்மேருக்குப் படமெடுக்கச் செல்பவர்களில் பலர், சாம் மணல்மேட்டில் ஒட்டகமும் அந்திச் சூரியனும் சேர்ந்த படத்தோடு திரும்பிவிடுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது நகரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டரில் உள்ள ஆகல் புதைபடிவப் பூங்கா. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வெப்பமும் ஈரமும் மிகுந்த காடு இருந்தது. அக்காட்டின் அடிமரங்கள்தாம் இன்று கல்லாகிக் கிடக்கின்றன. பட்டை உரிந்த மரத்தின் நரம்போட்டம் அப்படியே தெரிவதால், தட்டிப் பார்க்கும் வரை கல் என்று நம்ப மனம் வருவதில்லை. அவற்றைக் காக்கப் போட்டிருக்கும் கம்பிவலை படத்துக்குப் பெரும் இடைஞ்சல்தான். லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து, அதன் ஒளித்துவாரத்தை (அப்பர்ச்சர்) நன்றாகத் திறந்தால் கம்பி மங்கி மறைந்துவிடும்.

நடுப்பகல் வெளிச்சத்தில் அந்த வரிகள் எதுவும் எடுபடவில்லை. சூரியன் தரையோடு சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது மட்டுமே கல்லின் மேடுபள்ளம் நிழல்களாகப் பிரிந்து வருகிறது. எந்தக் கல், அது எப்படித் தேய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே எங்கே நிற்பது என்பதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பழக்கத்தோடு சிவன்மலையைச் சுற்றியுள்ள பாறைகளைப் பார்த்தபோது, இத்தனை காலம் வெறும் கரடு என்று கடந்துபோன இடமே வேறாகத் தெரிந்தது. அங்குள்ள நெஃபலின் சையனைட் என்ற பாறையில் நெஃபலின் என்ற கனிமம் எளிதில் அரிக்கப்பட்டுக் குழியாகிவிட, ஃபெல்ட்ஸ்பார் என்ற மற்றொரு கனிமத்தின் படிகங்கள் புடைத்து நிற்கின்றன. காலை ஏழு மணி வெயிலில் ஒவ்வொரு குழிக்கும் தனி நிழல் விழுகிறது. கொறங்காட்டுச் செம்மண்ணில் இறைந்து கிடக்கும் வெங்கச்சாங்கல்லும் (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்) கிளுவை வேலியும் படத்தின் முன்புறத்துக்குப் போதும். மேய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “ஏனுங்க, மாட்டப் புடிக்காம கல்லப் புடிக்கறீங்க?” என்று கேட்டார், காங்கேயம் காளையைத் தேடி வருபவர்களையே பார்த்துப் பழகியவர் வேறு எப்படிக் கேட்பார்?

கொடுமுடியிலிருந்து:

அண்ணன் கல்லைச் சொன்னார். நான் மரத்தைச் சொல்கிறேன். ராஜஸ்தானின் மாநில மரமான கேஜ்ரி, எங்கள் ஊர் மகுடேசுவரர் கோயிலில் தலமரமாக நிற்கும் வன்னியேதான். அங்கே உழவர்கள் அதன் கிளைகளைக் கழித்துத் தீவனமாக்குவதால், குளிர்காலத்தில் வயல் நடுவே மொட்டையாக நிற்கும் மரங்கள் வானத்துக்கு எதிரே அழகான கோட்டுருவம் தருகின்றன. நம் கொறங்காட்டில் வெள்வேல மரத்தின் காய், கோடையில் ஆடுமாடுகளுக்கு உதவுவதும் இதே ஏற்பாடுதானே.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிய ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவை அவசியம் பாருங்கள். ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகிய ரயோலைட் பாறை அது. 2006இல் தொடங்கிய சீரமைப்பில், பாறை வெடிப்புகளுக்குள் வேர்விட்டிருந்த சீமைக் கருவேலத்தைக் கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் கொண்டு உளியால் குடைந்து அகற்றி, அம்மண்ணுக்கே உரிய செடிகளை நட்டார்கள். சிவந்த பாறை வெடிப்பில் ஒரு பிடிக் கள்ளி முளைத்திருப்பதைக் குனிந்து அருகிலிருந்து எடுத்த படமே எனக்குக் கோட்டையின் முழுப்படத்தைவிடப் பிடித்திருக்கிறது.

தாராபுரத்திலிருந்து:

இருவரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. மணல்மேட்டின் காற்று வரும் பக்கம் மெல்லச் சரிந்தும், மறுபக்கம் ஏறத்தாழ 34 பாகை சாய்வில் சட்டென இறங்கியும் இருக்கும். இரண்டும் சேரும் முகட்டு வரியைப் படத்தின் குறுக்கே ஓடவிட்டால் கண் தானாக அதைப் பின்தொடரும். வெளிர்மணலை கேமராவின் ஒளிமானி சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், ஒளியளவை ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) கூட்டி வைத்துக்கொண்டு, படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

நம் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றுவதோடு புழுதியையும் கிளப்புகிறது. தாழ்ந்த வெயில் அந்தப் புழுதியில் பட்டுப் பரவும்போது கிடைக்கும் மங்கிய பொன்னிறம் தார்ப் பாலையின் மாலைக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம்; பையை அதில் தொங்கவிடுவதென்றால் பையின் அடி தரையில் படும்படி விடுங்கள், இல்லையெனில் பை ஊசலாடிப் படம் கலங்கும். லென்ஸ் மாற்றுவதைக் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செய்யுங்கள்.