எண் ஒன்று, கோளாறு வேறு: டேட்டாபேஸ் சர்வர் எர்ரர்களோடு பட்ட பாடு

நானே ஆரம்பிக்கிறேன். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர், எர்ரர் 1045, 'ஆக்ஸஸ் டினைட்', அதாவது உள்ளே விட மாட்டேன். இதைப் பார்க்காதவர் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

ராத்திரி ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் மூன்று நாளாக விழுந்துகொண்டே இருந்தது. மெயிலில் ஒரே வரிதான் வரும்: பேக்கப் யூசருக்கு அனுமதி இல்லை, அடைப்புக்குறிக்குள் 'யூஸிங் பாஸ்வேர்ட்: நோ'. நான் 1045-ஐப் பார்த்தேன், அடைப்புக்குறிக்குள் இருந்ததைப் பார்க்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். 1045. யூசரையே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி, கிராண்ட் (அனுமதிகள்) எல்லாம் கொடுத்தேன். 1045. ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட்டா 127.0.0.1-ஆ என்று அதையும் நோண்டினேன். இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று.

பக்கத்து சீட்டில் இருந்த சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்டே வரலைன்னு அதுவே சொல்லுதே, நீ எதுக்கு அதை மாத்திக்கிட்டே இருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டை ஹோம் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் இருந்து எடுக்கும். மூன்று நாளுக்கு முன்னால் வேறு ஏதோ பிரச்சினைக்காக அந்த ஃபோல்டர் முழுவதற்கும் யாரோ 777 அனுமதி கொடுத்திருக்கிறார்கள். (யாரோ என்ன, நான்தான்.) எல்லோரும் எழுதக்கூடிய கான்ஃபிக் ஃபைலை மைஎஸ்கியூஎல் நம்பாது, படிக்காமல் தள்ளிவிடும். தள்ளிவிட்டேன் என்று ஒரு எச்சரிக்கை வரியும் போடும். ஒவ்வொரு ராத்திரியும் போட்டிருக்கிறது. மெயிலுக்குக் கடைசி வரியை மட்டும் அனுப்பும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்ததால் என் கண்ணில் படவே இல்லை. அனுமதியை 600 (சொந்தக்காரருக்கு மட்டும்) ஆக்கினேன், ஓடியது. 'நோ' என்று வந்தால் பாஸ்வேர்ட் சர்வருக்குப் போகவே இல்லை. 'யெஸ்' என்று வந்தால் போயிருக்கிறது, பொருந்தவில்லை. இந்த இரண்டெழுத்து வித்தியாசத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தேன்.

உங்களுடையதையும் எழுதுங்கள். எந்த எண் வந்தது, கடைசியில் என்னவாக இருந்தது, இரண்டும் வேண்டும்.

* * *

ஆரக்கிள், ஓஆர்ஏ-00942. 'டேபிள் ஆர் வியூ டஸ் நாட் எக்ஸிஸ்ட்'. டேபிள் இருந்துச்சு. அந்த யூசருக்குப் பார்க்கத்தான் அனுமதி இல்ல. அரை நாள் போச்சு.

* * *

முதல் பதிவு மாதிரியேதான் எனக்கும், ஆனால் எஸ்கியூஎல் சர்வரில். 18456, லாகின் ஃபெயில்ட். அப்ளிகேஷன் பக்கம் எப்போது பார்த்தாலும் 'ஸ்டேட் 1' என்றுதான் காட்டும். அது வேண்டுமென்றே செய்வது. வெளியில் நிற்பவனுக்கு என்ன தப்பு என்று சொன்னால் அவன் அடுத்த முயற்சியைச் சரியாகச் செய்துவிடுவான் அல்லவா. நிஜமான ஸ்டேட் எண் சர்வரின் எர்ரர் லாக்கில் இருக்கும். 5 என்றால் அப்படி ஒரு யூசரே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்ட் தப்பு. எனக்கு வந்தது 38. யூசரும் சரி, பாஸ்வேர்டும் சரி, கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. முந்தின வாரம் டேட்டாபேஸின் பெயரை மாற்றியிருந்தோம். ஒரே ஒரு சர்வீஸின் கனெக்ஷன் ஸ்டிரிங்கில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

* * *

இது கொஞ்சம் நீளமான கதை. போஸ்ட்கிரெஸ்.

விடிகாலையில் போன் வந்தது. அப்ளிகேஷன் காட்டியது 57பி03, அதாவது சர்வர் இப்போது கனெக்ஷன் எடுக்கும் நிலையில் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று ஏற்கெனவே ஒருவர் நான்கு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் ரெக்கவரி ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் பேனிக் அடித்து விழும். சர்வர் லாக்கைத் திறந்தால் பிஜி_வால் ஃபோல்டருக்குள் எழுத முடியவில்லை, டிஸ்க்கில் இடமில்லை.

அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். 24 எழுத்தில் பூஜ்யமும் எண்ணுமாகப் பெயர் வைத்த ஃபைல்கள், ஒவ்வொன்றும் 16 எம்பி. ஆயிரக்கணக்கில் இருந்தன. திரையில் ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. கூட இருந்தவர், "பழைய லாக்தானே, பாதியை அழிச்சிடலாமா?" என்றார். கை கீபோர்டுக்குப் போய்விட்டது. பிடித்து இழுத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. தமிழில் நாம் பூட்டையும் லாக் என்கிறோம், பதிவேட்டையும் லாக் என்கிறோம், அது நம் தொல்லை. போஸ்ட்கிரெஸ்காரர்களின் தொல்லை வேறு. இந்த ஃபோல்டருக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். பெயரில் லாக் என்று இருப்பதால் தேவையில்லாத பதிவு என்று நினைத்து, இடம் போதாதபோதெல்லாம் ஆட்கள் அழித்தார்கள். அதோடு டேட்டாபேஸும் போயிற்று. 2017-இல் வந்த 10-ஆம் வெர்ஷனில் பிஜி_வால் என்று பெயரை மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னும் டேட்டா ஃபைலுக்குப் போய்ச் சேராத மாற்றங்கள் அங்கேதான் இருக்கின்றன. கிராஷுக்குப் பிறகு சர்வர் எழுந்திருப்பதே அவற்றைப் பிடித்துத்தான்.

முதல் வேலை இடம். டிஸ்க்கைக் கொஞ்சம் பெருக்கினோம். சர்வர் எழுந்தது. இரண்டாவது, ஏன் நிறைந்தது. பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவைப் பார்த்தால் ஒரு ஸ்லாட், ஆக்டிவ் என்ற நெடுவரிசையில் 'எஃப்', அதாவது இல்லை ('டி' என்றால் ஆமாம்). இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ரெப்ளிகா (நகல்) சர்வரை நிறுத்திவிட்டோம். மெஷினை அணைத்தவர்கள் ஸ்லாட்டை நீக்கவில்லை. ஸ்லாட் என்பது வாக்குக் கொடுத்த மாதிரி: நீ வந்து வாங்கிக்கொள்ளும்வரை ஒரு ஃபைலையும் தூக்கிப்போட மாட்டேன் என்று மெயின் சர்வர் சொல்லியிருக்கிறது. வாங்க வேண்டியவன் செத்துப்போனது அதற்குத் தெரியாது. இரண்டு மாதம் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது, பாவம்.

ஸ்லாட்டை நீக்கிவிட்டு ஒரு செக்பாயின்ட் (மாற்றங்களை டேட்டா ஃபைலில் எழுதி முடிக்கும் கட்டளை) போட்டேன். ஃபைல்கள் தானாகவே கரைந்தன. ஒன்றைக்கூட கையால் தொடவில்லை. 13-ஆம் வெர்ஷனில் இருந்து ஒரு ஸ்லாட்டுக்காக எவ்வளவு வரை சேர்த்து வைக்கலாம் என்று வரம்பு வைக்கலாம், மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ். அதன் டீஃபால்ட் மைனஸ் 1, அதாவது வரம்பே இல்லை. நாங்கள் இப்போது வரம்பு வைத்திருக்கிறோம். அதே டிஸ்க்கில் ஒன்றுக்கும் உதவாத 2 ஜிபி ஃபைல் ஒன்றையும் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த முறை நிறைந்தால் முதலில் அதை அழித்து மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

* * *

மேலே எழுதிய அண்ணனுக்கு வணக்கம், அந்த 2 ஜிபி யோசனையை எடுத்துக்கிட்டேன்.

என்னோடது 1205. இது ரெட்டைப் பிறவி. எஸ்கியூஎல் சர்வரில் 1205 என்றால் டெட்லாக், ரெண்டு பேர் ஒருத்தர் பூட்டுக்கு ஒருத்தர் காத்திருந்து சிக்கிக்கிறது. உன்னைப் பலி கொடுத்துட்டேன், மறுபடி ஓட்டிக்கோ என்று செய்தியே சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் 1205 என்றால் பூட்டுக்குக் காத்திருந்து நேரம் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். அங்கே டெட்லாக்கின் எண் 1213. நான் பல வருஷம் எஸ்கியூஎல் சர்வரில் இருந்தவன். புது டீமில் ஒரு தம்பி வந்து "1205 வருது, என்ன பண்ண?" என்றான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காம, "ரீட்ரை போடு" என்றேன். அங்கே ஓடினது மைஎஸ்கியூஎல்.

போட்டான். எர்ரர் நின்னுபோச்சு. பத்து நாள் கழிச்சு ஸ்டாக் கணக்கு உதைக்குது. சில ஆர்டர்கள் ரெண்டு ரெண்டா பதிவாகியிருக்கு.

நடந்தது இதுதான். ஒரு டிரான்ஸாக்ஷனில், அதாவது எல்லாம் சேர்ந்து நடக்கணும் இல்லைன்னா ஒண்ணுமே நடக்கக்கூடாதுங்கிற கட்டில், மூணு வேலை: ஆர்டரை எழுது, ஸ்டாக்கைக் குறை, வாடிக்கையாளரின் பாயின்ட்டை ஏத்து. மூணாவதில் பூட்டு கிடைக்கலை, 50 செகண்ட் காத்திருந்து 1205. டெட்லாக் வந்தால் மைஎஸ்கியூஎல் மொத்த டிரான்ஸாக்ஷனையும் திருப்பிவிடும். 1205-இல் அப்படி இல்லை. டீஃபால்ட் செட்டிங்கில் அந்தக் கடைசி ஒரு ஸ்டேட்மென்ட்டை மட்டும்தான் திருப்பும். முதல் ரெண்டும் கமிட் (உறுதி) ஆகாம, ரோல்பேக்கும் (ரத்தும்) ஆகாம அந்தரத்தில் நிக்கும். இவன் ரீட்ரை கோட் என்ன பண்ணுச்சு, மறுபடி முதல்ல இருந்து 'ஸ்டார்ட் டிரான்ஸாக்ஷன்' போட்டுச்சு. புது டிரான்ஸாக்ஷன் ஆரம்பிச்சா, திறந்திருக்கிற பழசை மைஎஸ்கியூஎல் சத்தமில்லாம கமிட் பண்ணிடும். அந்தரத்தில் நின்ன ரெண்டும் நிஜமாகிடுச்சு. அப்புறம் மூணும் மறுபடி ஓடுச்சு. ஆர்டர் ரெண்டு, ஸ்டாக்கில் ரெண்டு குறைவு, பாயின்ட் மட்டும் ஒண்ணு. பாயின்ட் சரியா இருந்ததாலதான் முதலில் யாருக்கும் சந்தேகமே வரலை.

திருத்தம் ஒரே வரி: 1205 வந்தால் முதலில் ரோல்பேக், பிறகு ரீட்ரை. ஆனால் பூட்டைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தது யாருன்னு பார்க்காம விட்டா அது திருத்தமே இல்லை. சிஸ் ஸ்கீமாவில் இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ் என்று ஒரு வியூ இருக்கு, யாருக்காக யார் காத்திருக்காங்கன்னு ஜோடி ஜோடியா காட்டும். பார்த்தால் ஒரு ரிப்போர்ட் டூல். அப்டேட் ஒண்ணு போட்டுட்டு கமிட் பண்ணாம 'ஸ்லீப்' நிலையில் ஆயிரத்துச் சொச்சம் செகண்டா தூங்கிட்டிருந்துச்சு. ப்ராசஸ்லிஸ்ட்டில் (கனெக்ஷன்களின் பட்டியலில்) ஸ்லீப்னு இருந்தா சாது என்று நினைக்காதீங்க. தூங்கிக்கிட்டே பூட்டைப் பிடிச்சிருக்கும்.

தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். எந்த சர்வர்னு கேட்காமப் பதில் சொன்னது என் தப்பு.

* * *

மைஎஸ்கியூஎல், 1062, டூப்ளிகேட் என்ட்ரி, அதாவது ஏற்கெனவே இருக்கும் மதிப்பு. எல்லோருக்கும் வருவதுதான், ஆனால் எனக்கு வந்த மதிப்பு '2147483647'. இந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இன்ட் வகை நெடுவரிசை தாங்கும் கடைசி எண் அது. நிறைந்துவிட்டது, அடுத்த ஐடி இல்லை. டேபிளில் இருந்ததோ சில லட்சம் வரிகள்தான். பழையதைத் தினமும் அழிப்போம். ஆனால் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' (ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர்) ஒவ்வொரு முறை ஓடும்போதும், புது வரி சேராவிட்டாலும், ஒரு எண் செலவாகிவிடும். அப்படியே 214 கோடியைத் தின்றிருக்கிறது. அதைவிடப் பெரிய பிக்இன்ட் ஆக்கினோம். பிறகு அந்த ஐடியை வாங்கி வைக்கும் வேறு இரண்டு டேபிள்களில் 1264 வந்தது, எல்லை தாண்டிய மதிப்பு. அங்கேயும் இன்ட்தான்.

* * *

மைஎஸ்கியூஎல், 1366, 'இன்கரெக்ட் ஸ்டிரிங் வேல்யூ'. தமிழ்ப் பெயர், தமிழ் முகவரி எல்லாம் அழகாக உள்ளே போகும். சில பேருடைய செய்தி மட்டும் போகாது. தமிழில்தான் பிரச்சினை என்று மேலிடத்தில் முடிவே செய்துவிட்டார்கள், கோபம் கோபமாக வந்தது. செய்தியில் மறுக்கப்பட்ட பைட்டுகளைப் பார்த்தேன்: எஃப்0 9எஃப் என்று ஆரம்பித்தன. தமிழ் எழுத்து இ0 என்று ஆரம்பிக்கும். எஃப்0 9எஃப் என்றால் எமோஜி. பழைய மைஎஸ்கியூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று பெயர் வைத்திருப்பது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு 3 போதும், எமோஜிக்கு 4 வேண்டும். பெயருக்கேற்ற முழு யுடிஎஃப்8 வேண்டுமென்றால் 'யுடிஎஃப்8எம்பி4' என்று கேட்க வேண்டும், 5.5.3-இல் இருந்து இருக்கிறது.

மாற்றப் போனால் 1071, கீ ரொம்ப நீளம். 5.6 வெர்ஷன், இன்டெக்ஸ் வரம்பு 767 பைட். 255 எழுத்தை 4-ஆல் பெருக்கினால் 1020. நெடுவரிசையை 191 எழுத்தாக்கினோம், 764, உள்ளே அடங்கியது. பழைய டேபிள்களில் வார்ச்சார் 191 என்று ஏன் இருக்கிறது என்று யாராவது யோசித்திருந்தால், இதுதான். கனெக்ஷனின் கேரக்டர் செட்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் எமோஜி இருக்கும் இடத்தில் கேள்விக்குறிகள் வந்து நிற்கும்.

* * *

ஆரக்கிள், ஓஆர்ஏ-28000, அக்கவுன்ட் லாக்ட். அன்லாக் செய்வேன், ஐந்து நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டை மாற்றியதில் இருந்து இந்தக் கூத்து. டீஃபால்ட் புரொஃபைலில் 10 முறை தப்பாக வந்தால் பூட்டிவிடும். எங்கேயோ ஒரு மெஷின் பழைய பாஸ்வேர்டோடு தட்டிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். எந்த மெஷின்? ஆடிட் டிரெயிலில் (யார் எப்போது நுழையப் பார்த்தார்கள் என்ற பதிவில்) ரிட்டர்ன் கோட் 1017, அதாவது தப்பான பாஸ்வேர்ட், இருக்கும் வரிகளை எடுத்து யூசர்ஹோஸ்ட்டைப் பார்த்தேன். பெயர் தெரிந்த மெஷின்தான். என் டெஸ்க்குக்குக் கீழே இருந்தது. எப்போதோ சோதனைக்காக நான் போட்ட ஷெட்யூல் வேலை.

* * *

ஆரம்பித்தவன் மறுபடி வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் படித்தேன். அந்த 1205 கதையைப் படித்ததும் எங்கள் ரீட்ரை கோடைத் திறந்து பார்த்தேன், ரோல்பேக் இருக்கிறது, நிம்மதி. அப்படியே போஸ்ட்கிரெஸ் சர்வரில் ஸ்லாட்டுகளையும் பார்த்தேன். மூன்று இருக்கின்றன. இரண்டு 'டி'. ஒன்று 'எஃப்'. பெயர் 'டெஸ்ட்_2'. டீமில் யாருக்கும் அது யாருடையது என்று தெரியவில்லை. டிஸ்க் இப்போது 81 சதவீதம். நீக்குவதற்கு முன்னால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.