குழுத் தலைவர் தேர்தலுக்காக எம்.பிக்கு எழுதுவதில் பயன் உண்டா?

குரொய்டன் வாசுகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிறேன், அதாவது வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறவருக்கு (கேரருக்கு) அரசு கொடுக்கும் உதவித்தொகை. கூடவே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சில மணி நேர வேலை. எங்கள் பகுதியில் கேரர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் வைப்போம், தேத்தண்ணி குடித்துக்கொண்டு மனம்விட்டுப் பேசுகிற கூட்டம்.

போன கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: பிரித்தானிய நாடாளுமன்றத்தில் வேலை, ஓய்வூதியக் குழு என்று ஒன்று இருக்கிறது, கேரர்ஸ் அலவன்ஸை அதுதான் விசாரிக்கும், அதன் தலைவரை எம்.பிக்களே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறார்கள், 2024 செப்டம்பரிலும் அப்படித்தான் நடந்தது, அடுத்த முறை வரும்போது நாங்கள் முன்கூட்டியே எங்கள் எம்.பிக்கு எழுத வேண்டும். பாதிப் பேர் சரி என்றார்கள். மற்றவர்கள், அது அவர்களுக்குள்ளே முடிகிற விஷயம், எங்களுக்கு என்ன வேலை என்றார்கள். கூட்டம் அதோடு குழம்பிப்போனது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். யார் போட்டியிடலாம்? எம்.பிக்கள் கட்சி சொன்னபடிதானே போடுவார்கள்? தலைவர் யார் என்பதால் என்னைப் போன்ற ஒருத்திக்கு ஏதாவது மாறுமா?

லூசியம் ரமணன்:

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எந்தக் குழு எந்தக் கட்சிக்கு என்பதை ஆசன விகிதத்தை வைத்துக் கட்சிகள் முதலிலேயே பேசி முடித்துவிடும். அந்தக் குழு தொழில்கட்சிக்கு என்று முடிவானால் தொழில்கட்சி எம்.பிக்கள் மட்டும்தான் நிற்கலாம். சில பதவிகளுக்கு ஒரே ஒருவர்தான் மனுப் போடுவார், வாக்கெடுப்பே இருக்காது. தலைவருக்கு எம்.பி சம்பளத்துக்கு மேலே வருடத்துக்கு 18,000 பவுண்டுக்கு மேல் கிடைக்கும். குழு அறிக்கை விட்டால் அரசு இரண்டு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும், ஆனால் சொன்னதைச் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அலவன்ஸ் எடுப்பவர் வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் உழைக்கக்கூடாது என்ற வருமான வரம்பைப் பற்றி நேரே உங்கள் எம்.பிக்கு எழுதுங்கள். அதுதான் குறுக்கு வழி.

சரோஜா, டூட்டிங்:

வாசுகி பிள்ளை, கட்டாயம் எழுதுங்கள். நான் ஓய்வு பெறும்வரை உதவித்தொகை ஆலோசனை மேசையில் இருந்தவள். கேரர்களின் படிவங்களையும் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதங்களையும் பார்த்தே காலம் போனது. ரமணன் தம்பி சொன்ன எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தத் தேர்தல் எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டுச் சொல்கிறார்.

துறைவாரியான இந்தக் குழுக்கள் 1979இல் தொடங்கியவை. அப்புறம் முப்பது வருடம் தலைவர் பதவியைக் கட்சிக் கொறடாக்கள்தான் நடைமுறையில் பங்கிட்டார்கள். 2001இல் தொழில்கட்சி பெரிய வெற்றி பெற்று வந்த கையோடு, தன் சொந்த அரசையே துருவித் துருவிக் கேட்ட இரண்டு தலைவர்களைக் கொறடாக்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருவர் போக்குவரத்தைக் கவனித்த குவினெத் டன்வுடி, மற்றவர் வெளிவிவகாரக் குழுவின் டொனால்ட் அண்டர்சன். சபை கொதித்துப்போய் அந்தப் பட்டியலையே வாக்கெடுப்பில் தோற்கடித்தது. இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஆளும் கட்சி எம்.பிக்களே தங்கள் கொறடாவுக்கு எதிராகப் போட்டதால்தான் அது நடந்தது.

2009இல் எம்.பிக்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்தது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு ரோனி ரைட் தலைமையில் ஒரு சீர்திருத்தக் குழு அமைத்தார்கள். தலைவர்களை முழுச் சபையும் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்ய வேண்டும் என்று அந்தக் குழு எழுதியது. முதல் வாக்கெடுப்பு 2010 ஜூன் 9. அன்றிலிருந்து அந்த ஒரு சாவி கொறடாவின் கையில் இல்லை.

போட்டி நடக்கும் விதம் இதுதான். நிற்க விரும்புகிறவர் தன் கட்சி எம்.பிக்கள் 15 பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சிறிய கட்சி என்றால் அதன் எம்.பிக்களில் பத்தில் ஒரு பங்கு போதும். அதோடு வேறு கட்சிக்காரர் ஐந்து பேர் வரை ஆதரவுக் கையெழுத்துப் போடலாம். ஏன் நிற்கிறேன், என்ன விசாரிக்கப் போகிறேன் என்று ஒரு சிறு அறிக்கையும் கொடுப்பார்கள். அந்தத் துறையோடு தங்களுக்கு ஏதாவது பணத் தொடர்பு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எல்லாம் நாடாளுமன்ற இணையத்தளத்தில் வெளிவரும், யாரும் வாசிக்கலாம். பிறகு வேட்பாளர்கள் மின்னஞ்சல் அனுப்பியும் ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேசியும் வாக்குக் கேட்பார்கள். எதிர்க்கட்சி ஆட்களிடமும் போய்க் கேட்டாக வேண்டும், ஏனென்றால் சபையில் எல்லா எம்.பிக்களுக்கும் வாக்கு உண்டு.

வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார்கள். எங்கள் இலங்கைச் சனாதிபதித் தேர்தல் சீட்டு மாதிரித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே முதல் இருவரைத் தவிர எல்லோரையும் ஒரேயடியாக நீக்கிவிட்டு விருப்பு வாக்கை எண்ணுவார்கள். இங்கே கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்குப் பிரித்துக்கொண்டே போவார்கள். அதனால் பலருக்கு இரண்டாவது விருப்பமாக இருப்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. சொந்தக் கட்சியில் ஒரு கோஷ்டிக்கு மட்டும் பிடித்தவர் இதில் வெல்வது கடினம்.

கட்சி சொன்னபடி போடுவார்களா என்று கேட்டீர்கள். சீட்டு இரகசியம், கொறடா எட்டிப் பார்க்க முடியாது. 2017இல் வெளிவிவகாரக் குழுவில் பதவியில் இருந்த கிறிஸ்பின் பிளண்டை அவருடைய கட்சிக்காரரான ரொம் டுகன்ஹாட் தோற்கடித்தார். அப்போது அவர் நாடாளுமன்றத்துக்கு வந்தே இரண்டு வருடம்தான். 2024இல் அதே குழுவுக்கு எமிலி தோர்ன்பெரி நின்றார். தொழில்கட்சி ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு அமைச்சர் பதவி கொடுக்கவில்லை. சபை அவரைத் தலைவராக்கியது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எனக்கு முக்கியமானது இதுதான். வேலை, ஓய்வூதியக் குழுவுக்கு 2015இலிருந்து 2019 வரை தலைவராக இருந்தவர் ஃபிராங்க் ஃபீல்ட். பி.எச்.எஸ் கடைகள் 2016இல் மூடப்பட்டு ஏறக்குறைய 11,000 பேர் வேலை இழந்தபோது, ஓய்வூதிய நிதியில் 571 மில்லியன் பவுண்டு பள்ளம் இருந்தது. ஃபீல்டின் குழுவும் வணிகக் குழுவும் சேர்ந்து பழைய முதலாளி சேர் பிலிப் கிரீனைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் கேள்வி கேட்டன. என்னை அப்படிப் பார்க்க வேண்டாம் என்று அவர் ஒரு எம்.பியிடம் சொன்னதை நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். அடுத்த வருடம் அவர் 363 மில்லியன் பவுண்டு கட்டினார். குழுவுக்கு அவரிடம் வசூலிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஊர் முழுக்கப் பார்க்கக் கேள்வி கேட்கும் அதிகாரம் இருந்தது.

2018இல் ஃபீல்ட் தொழில்கட்சியின் எம்.பிக்கள் அணியிலிருந்து விலகினார். தலைவர் நாற்காலி அவரிடமே இருந்தது, ஏனென்றால் அதைக் கொடுத்தது சபை. கட்சியை விட்ட அடுத்த வருடத்தில்தான் கேரர்ஸ் அலவன்ஸ் மிகைக்கொடுப்பனவு (உரியதற்கு மேல் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கும் பணம்) பற்றிய அறிக்கையைக் கொண்டு வந்தார். வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்து முழு அலவன்ஸும் போய்விடும் என்பதையும், அது மாதக்கணக்கில் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கடனாகி ஏழைகளின் தலையில் விழுகிறது என்பதையும் அந்த விசாரணை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. எங்கள் மேசைக்கு அழுதுகொண்டு வந்த பெண்களின் கதை அது. அந்த அறிக்கையை அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மேல்முறையீட்டுக் கடிதம் எழுதும்போதெல்லாம் எடுப்பேன்.

லூசியம் ரமணன்:

சரோஜா அன்ரி, ஃபீல்ட் விஷயம் சரி. ஆனால் 2019 அறிக்கைக்குப் பிறகு என்ன நடந்தது? 2024இல் அதே கதை மறுபடியும் பத்திரிகைகளில் வந்தது. நடுவில் ஐந்து வருடம் மக்கள் கடன் கட்டினார்கள். ஃபீல்டுக்குப் பிறகு தலைவராக வந்த ஸ்டீபன் டிம்ஸ் 2024 ஜூலையில் அதே துறைக்கு அமைச்சராகப் போனார். நேற்றுவரை கேள்வி கேட்டவர் இன்று பதில் சொல்லும் பக்கம்.

சரோஜா, டூட்டிங்:

அந்த ஐந்து வருடத்தை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது தம்பி. ஆனால் 2024இல் பத்திரிகைகள் எழுதியபோது, எங்களுக்குத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2019லேயே எச்சரித்தது பதிவில் இருந்தது. 2025 ஏப்ரலில் வார வரம்பு 151 பவுண்டிலிருந்து 196 ஆனது, மிகைக்கொடுப்பனவு பற்றி ஒரு சுயாதீன மீளாய்வும் வைத்தார்கள். குழு ஒன்றால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். கேரர் அமைப்புகளும் பத்திரிகைகளும் விடாமல் அடித்தார்கள். அவர்கள் கையில் பிடித்து நின்ற தடி அந்த அறிக்கை.

எனக்குக் குறையாகத் தெரிவது நீங்கள் முதலில் சொன்ன பங்கீடுதான். எந்தக் குழு எந்தக் கட்சிக்கு என்பது இன்னும் மூடிய அறைக்குள்தான் பேசப்படுகிறது. பொதுக் கணக்குக் குழு எதிர்க்கட்சிக்கு என்று விதி இருப்பதுபோல் மற்றக் குழுக்களுக்கும் வெளிப்படையான ஒரு முறை வேண்டும்.

நாதன், கொழும்பு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே கோப் குழுவின் தலைவரைக் குழு உறுப்பினர்களே முதல் கூட்டத்தில் தெரிவுசெய்கிறார்கள். குழுவில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்களின் ஆள்தான் தலைவர். 2024 மார்ச்சில் ரோஹித அபேகுணவர்தன தெரிவானபோது எதிர்ப்புத் தெரிவித்துப் பல உறுப்பினர்கள் வரிசையாக விலகினார்கள். அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்க வேண்டிய குழுவுக்கே அந்த நிலை. முழுச் சபையும் இரகசியமாக வாக்களித்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசித்தேன். இந்தியாவில் வாக்கெடுப்பே கிடையாது, பொதுக் கணக்குக் குழுத் தலைவரைச் சபாநாயகர் நியமிக்கிறார். 1967இலிருந்து அதை எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது வழக்கம்.

சரோஜா, டூட்டிங்:

நாதன், இங்கேயும் உறுப்பினர்களே தலைவரைத் தெரிவுசெய்யும் ஒரு குழு உண்டு. உளவு, பாதுகாப்புக் குழு, ஒன்பது பேர். 2020 ஜூலையில் பிரதமர் அலுவலகம் கிறிஸ் கிரேலிங்கைத் தலைவராக்க விரும்பியது. கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜூலியன் லூயிஸ் எதிர்க்கட்சி உறுப்பினர்களின் ஆதரவோடு தானே வென்றார். அன்றைக்கே கட்சி அவரைத் தன் எம்.பிக்கள் அணியிலிருந்து நீக்கியது. ஆனால் தலைவர் பதவியைப் பறிக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் பிரித்தானியாவில் ரஷ்யாவின் தலையீடு பற்றித் தேங்கிக் கிடந்த அறிக்கை வெளிவந்தது. ஒரு தலைவர் பதவிக்காக அரசு அவ்வளவு தூரம் இறங்கி வேலை செய்தது என்றால், அந்த நாற்காலிக்கு மதிப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

குரொய்டன் வாசுகி:

நன்றி அன்ரி, எல்லோருக்கும் நன்றி. இதை அடுத்த கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன். அடுத்த பொதுத்தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? இப்போது செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

சரோஜா, டூட்டிங்:

தலைவர் இடையில் விலகினால் அந்தப் பதவிக்கு மட்டும் தேர்தல் வரும். 2016இல் கீத் வாஸ் விலகியபோது உள்துறைக் குழுவுக்கு இவெட் கூப்பர் அப்படித்தான் வந்தார். ஆகவே எப்போதும் வரலாம். மனுக்கள் வெளிவந்ததும் வேட்பாளர்களின் அறிக்கைகளை வாசியுங்கள். கேரர் என்ற சொல்லே இல்லாத அறிக்கை எது என்று பாருங்கள். மற்றக் கட்சிகளிலிருந்து யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பிறகு உங்கள் எம்.பிக்கு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: இந்த வேட்பாளர்களிடம் வருமான வரம்பைப் பற்றிக் கேட்டீர்களா, என்ன சொன்னார்கள்? யாருக்குப் போடுகிறீர்கள் என்று கேட்க வேண்டாம், அது அவருடைய இரகசியம். உங்கள் எம்.பி எந்தக் கட்சியானாலும் எழுதுங்கள்.

இப்போதைக்கு, 2024 செப்டம்பரில் தெரிவானவர் டெபி ஏபிரகாம்ஸ். அந்தக் குழு ஒரு விசாரணையைத் தொடங்கிச் சாட்சியம் கேட்கும்போது யாரும் எழுதி அனுப்பலாம். தலைவரின் தொகுதியில் இருக்க வேண்டியதில்லை. வழக்கமாக 3,000 சொற்களுக்குள் கேட்பார்கள், உங்களுக்கு இரண்டு பக்கம் தாராளம். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். வாரத்து வேலை நேரம், சம்பளம், கூடுதல் ஷிஃப்ட் வந்தபோது வரம்புக்குப் பயந்து மறுத்தது, எல்லாவற்றையும் தொகையோடு எழுதுங்கள்.

முடிந்தால் கூட்டத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு அமர்வை நேரே பாருங்கள். நாடாளுமன்றக் கட்டடமான போர்ட்கலிஸ் ஹவுஸில் பாதுகாப்புச் சோதனை முடிந்தால் மேலே விடுவார்கள், காசு இல்லை. குதிரை லாட வடிவ மேசை, வளைவின் நடுவில் தலைவர், பக்கத்தில் எழுத்தர். பொதுமக்கள் சாட்சிகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்வோம். நான் போன ஒரு அமர்வில் ஒரு பெரிய அதிகாரி கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னார். எழுத்தர் ஒரு துண்டுச் சீட்டைத் தலைவர் பக்கம் தள்ளினார். தலைவர் அதைப் பார்த்துவிட்டு அதே கேள்வியை, இந்த முறை தொகையோடு கேட்டார். அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அதற்குள் சபையில் வாக்கெடுப்பு மணி அடித்து எல்லா எம்.பிக்களும் எழுந்து ஓடினார்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்ததும் தலைவர் முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

சாட்சியத்தின் வரைவை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், ஆங்கிலத்தில் சேர்ந்து எழுதலாம். இங்கே பொதுவில் போட வேண்டாம். ஏற்கனவே வெளியே பிரசுரமானதைக் குழு சாட்சியமாக ஏற்பதில்லை.