போர்வெல் மண்ணில் மினுக்குவது நிக்கல்-செம்புத் தாதா?

மன்னை_ரிக்:
மன்னார்குடி பக்கம் போர்வெல் போடுறப்ப 190 அடியில் கறுப்புக் களி ஏறுது. கழுவினா பித்தளை நிறத்தில் கடுகளவு மணிகள். நிக்கல், செம்புன்னு ஊரில் பேச்சு கிளம்பியாச்சு. ஒப்பிட்டுப் பார்க்க, சேலம் வெள்ளைக்கல் காட்டு டுனைட் (ஆலிவின் என்கிற கனிமம் நிறைஞ்ச பாறை) துண்டு ஒண்ணையும் லேபில் கொடுத்தோம். பாறையை நாலு அமிலத்தில் கரைச்சுப் பார்க்கிற முறையில் நிக்கல் 0.24 சதவீதம். அதாவது தாதுதானா?

கருங்கல்:
முதல்ல மணி. லென்ஸில் பார்த்துக்கிட்டே ஊசிமுனையால அழுத்துங்க. ஏடு ஏடாப் பிரிஞ்சா காக்காப்பொன். கீறலே விழலைன்னா பைரைட், வெறும் இரும்பும் கந்தகமும்தான். சுலபமாக் கீறி, பொடி பச்சை கலந்த கறுப்பா வந்தா செம்புத் தாதுவான சால்கோபைரைட்டான்னு யோசிக்கலாம். காந்தத்துக்கு வர்றது பைரோடைட், அதுவும் இரும்பும் கந்தகமும் சேர்ந்ததுதான். மன்னார்குடிக்கு அடியில பழுப்பு நிலக்கரி இருக்கு. செடிகொடி மக்கின களியில பைரைட் விளையுறது சகஜம். என் கணிப்பு அதுதான். அந்தக் களியை நாற்றங்கால் ஓரம் கொட்டாதீங்க. காத்துபட்டா பைரைட் கந்தக அமிலமா மாறும், பயிர் கருகும்.

பாறைக்கிறுக்கன்:
0.24 பார்த்து மயங்க வேண்டாம் தம்பி. டுனைட்டில் அந்த அளவு நிக்கல் ஆலிவின் படிகத்துக்குள்ளேயே இருக்கும். நாலு அமிலம் அதையும் கரைச்சுக் கணக்கில் சேர்த்துடும். பொடியைத் தண்ணியில் நுரைக்க வெச்சுத் தாதுவை மேலே மிதக்கவிடுற மிதப்பு முறையில் அதைப் பிரிக்க முடியாது. அதே பொடியில் மொத்தக் கந்தகம் பார்க்கச் சொல்லுங்க. அவ்வளவு நிக்கலும் பென்ட்லாண்டைட்டா (நிக்கலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) இருந்தா கந்தகம் கிட்டத்தட்ட 0.23 சதவீதம் வரணும். 0.02, 0.03ன்னு வந்தா கதை அங்கேயே முடிஞ்சுது.

மன்னை_ரிக்:
நன்றிண்ணே. டெல்டாவில் மின்காந்த சர்வே போட்டா ஆழத்தில் ஏதாவது தெரியுமா?

கருங்கல்:
காசுக்குக் கேடு. உப்புக்களி தானே மின்சாரம் கடத்தும், அடியில இருக்கிறதை மறைச்சுடும். பல இடங்களில் கடினப்பாறைக்கு மேல கிலோமீட்டர் கணக்கில் படிவு வேற.

சின்ன நிக்கல்-செம்புப் படிவு தேடணும்னா கேப்ரோ, பைராக்ஸினைட் மாதிரி பாறைக்குழம்பு உறைஞ்ச கறுப்புப் பாறைகள் வெளியே தெரியுற மேட்டுப்பாங்கான இடம் வேணும். பாறைக்குழம்பிலிருந்து பிரிஞ்ச, நிக்கலும் செம்பும் சேர்ந்த கந்தகத் திரவம் கனமானது. பாறைக்குழம்பு ஏறி வந்த குழாய் மாதிரியான வழியின் அடியிலும், குழாய் அகலமாகுற இடத்திலும் தங்கும். கனடாவின் வாய்சிஸ் பே அப்படித்தான். 1993-ல் அங்கே கண்ணில் பட்டது துருப்பிடிச்ச மேல்தோல். நீங்க தேடுறப்ப முதல்ல காந்த சர்வே, பிறகு சுருள் வெச்சுப் பண்ணுற மின்காந்த சர்வே. ஆனா கிராஃபைட் பாறையும் தாது மாதிரியே சிக்னல் கொடுக்கும். துளை போடுறதுக்கு முன்னாடி மேலே கிராஃபைட் இருக்கான்னு நடந்து பார்த்துடுங்க.