எஞ்சுபொருள் போதுமா?

ஐயா,

நம் மொழியியல் கலைச்சொல் பட்டியலில் ‘இம்ப்ளிகேச்சர்’ என்பதற்கு ‘உட்பொருள்’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பாட்டுக்கும் உட்பொருள் உண்டு, கோலத்துக்கும் உண்டு. மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டு உரைகளில் பேசியது அவ்வளவு அகலமானதல்ல. பேசுபவர் வாய்விட்டுச் சொல்லாமல், கேட்பவர் பிடித்துக்கொள்வார் என்று நம்பி விட்டுவைக்கிற பொருள் மட்டுமே அது.

மன்னார்குடிப் பக்கத்தில் ஜூன் கடைசியில் நடக்கும் பேச்சு:

“குறுவை போடுறீங்களா?”
“மேட்டூர் தொறக்கல.”

‘போடல’ என்பது விடையில் எங்குமே இல்லை. ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள், ஆற்றுத் தண்ணீர் இல்லாமல் நாற்று விட முடியாது என்ற இரண்டும் தெரிந்தவருக்குத்தான் அது கேட்கும். “மேட்டூர் தொறக்கல, ஆனா போர்வெல் இருக்கு, நட்டாச்சு” என்று அவரே தொடர்ந்தால் முரண்பாடு வராது. முதலில் தோன்றிய பொருள் மட்டும் நீங்கிவிடும். “நட்டாச்சு, ஆனா நடல” என்றால் பேச்சே உடைகிறது. கிரைஸ் சொன்ன முக்கியமான சோதனை இதுதான். நம் கலைச்சொல் இந்த நீங்கும் தன்மைக்கு இடம் கொடுக்க வேண்டும்.

‘குறிப்பு’ என்றே வைக்கலாம் என்பார்கள். “தெரிபுவேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும்” என்று தொல்காப்பியம் பொருளை இரண்டாகப் பிரித்தது உண்மைதான். ஆனால் இன்று அடிக்குறிப்பு, சமையல் குறிப்பு, குறிப்பு வினைமுற்று என்று அந்தச் சொல்லின் தலையில் ஏற்கெனவே நிறையச் சுமை. கும்பகோணத்தில் குறிப்பு என்றால் முதலில் ஜாதகத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

அதே தொல்காப்பியத்தின் எச்சவியலில், சொல்லாமல் மிஞ்சி நிற்கும் பொருளை வேண்டி நிற்கும் சொல்லுக்கு ‘எஞ்சுபொருட் கிளவி’ என்ற பெயர் வருகிறது. அதிலிருந்து ‘எஞ்சுபொருள்’ என்று எடுக்கலாம் என்பது என் முன்மொழிவு.

—

அம்மா,

சொல் நன்றாக இருக்கிறது. ஒரு சிக்கல். தொல்காப்பியர் சொல்லும் பத்து எச்சங்களில் உம்மையும் உண்டு. “அவரும் வந்தாரு” என்றால் வேறு யாரோ வந்தது எஞ்சி நிற்கிறது. அது ‘உம்’ என்ற இடைச்சொல்லிலேயே ஒட்டியிருப்பது. “வேறு யாரும் வரல” என்று தொடர்ந்தால் கேட்பவர் விழிப்பார். நீங்கள் சொன்ன நீங்கும் தன்மை இங்கே இல்லையே.

இன்னொருவர் ‘கசிபொருள்’ என்றார். வேண்டாம். வரப்புக்கு அடியில் தண்ணீர் கசிவது பாய்ச்சினவன் நினையாதது. இதுவோ நினைத்தே விடுவது.

—

ஐயா,

உம்மைச் சிக்கல் உண்மையில் உதவிதான் செய்கிறது. கிரைஸே இரு வகை வைத்தார்: சொல்லோடு ஒட்டியது ஒன்று, உரையாடலால் பிறப்பது மற்றொன்று. ‘சொல்வழி எஞ்சுபொருள்’, ‘உரையாடல் எஞ்சுபொருள்’ என்று பிரித்துவிடலாம். நன்னூலின் எட்டு விடைகளில் ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற பின் ஐந்தும் விடையை நேராகச் சொல்லாமல் உணர்த்துபவை, பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

கேட்பவர் செய்யும் வேலைக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். அதற்கு ‘உய்த்துணர்தல்’ இருக்கிறது. பேசுபவர் செய்வதை ‘எஞ்சவைத்தல்’ எனலாம். இரண்டையும் கலந்தால் இதைப் பற்றிய மூளை ஆய்வுகளைத் தமிழில் எழுதவே முடியாது. மறைமுக விடையைக் கேட்கும்போது மொழிப் பகுதிகளோடு, நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பக்கமும், வலக்காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள பகுதியும் கூடுதலாக வேலை செய்கின்றன. பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று கணிக்கும்போது இயங்கும் இடங்கள் அவை. வலப்பக்கப் பக்கவாதம் வந்த சிலர் இலக்கணப் பிழையில்லாமல் பேசுவார்கள், பொருள்களின் பெயரையும் சரியாகச் சொல்வார்கள். ‘மேட்டூர் தொறக்கல’ என்பதை மட்டும் அணைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். அவர்களுக்கு உட்பொருள் புரியவில்லை என்று எழுதினால் சொற்பொருளே புரியவில்லை என்று படிக்கப்படும். உய்த்துணர்தல் தடைப்பட்டது என்றால் குறை எங்கே என்பது தெரிகிறது.

தமிழில் சோதனை வாக்கியம் அமைப்பவர்களுக்கு: ஒரே விடையை இரண்டு கேள்விகளுக்குக் கீழே வையுங்கள். “அணை நிலவரம் என்ன?” என்பதற்கு ‘மேட்டூர் தொறக்கல’ நேர்விடை, “குறுவை போடுறீங்களா?” என்பதற்கு மறைமுக விடை. விடையை ஒரே தடவை பதிவு செய்து இரண்டிலும் ஒட்டுங்கள். தனித்தனியாகப் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ‘தொறக்கலையே’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த ஏகாரம் ‘இதில் இன்னும் ஏதோ இருக்கிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும், நீங்கள் அளக்க நினைத்த வித்தியாசம் கலங்கிப்போகும். மூளையைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ காட்டும் ரத்த ஓட்ட மாற்றம் உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். நேர்ப்பொருள் முதலில் வந்ததா, எஞ்சுபொருளும் கூடவே வந்ததா என்பதை அதில் பிரிக்க முடியாது. அதற்கு மூளையின் மின்னலைகளை மில்லிவிநாடிக் கணக்கில் அளக்கும் இஇஜி வேண்டும்.

‘எஞ்சுபொருள்’, ‘எஞ்சவைத்தல்’, ‘உய்த்துணர்தல்’ மூன்றையும் பட்டியலில் சேர்க்கிறேன். ஏகாரம் சொல்வழியா உரையாடல்வழியா என்பதற்கு நீங்கள்தான் எடுத்துக்காட்டு அனுப்ப வேண்டும்.