பலகார எண்ணெயும் ‘ஃபேட்டி ஆசிட்’டும்: ஆயில் எஞ்சினில் ஊற்றலாமா?

கிணத்துமேடு (தேவகோட்டை)
கிணற்றுக்கு 5 ஹெச்.பி. ஆயில் எஞ்சின். வாட்டர் கூலிங், 1500 ஆர்.பி.எம்., டைரக்ட் இன்ஜெக்‌ஷன். காரைக்குடி, கோட்டையூர் பக்கம் முறுக்கு, சீடை சுடும் இடங்களில் கழிவு எண்ணெய் கிடைக்கிறது. பாமாயிலும் கடலை எண்ணெயும் கலந்தது. சோப்பு வியாபாரி ஒருவர் அதைவிட மலிவாக ‘ஃபேட்டி ஆசிட்’ (எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலம்) தருகிறேன் என்று ஒரு டின் கொடுத்தார். அது மதிய வெயிலில் எண்ணெயை விடத் தண்ணியாக ஓடுகிறது. விடியற்காலையில் பாதி டின் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கிறது. தண்ணியாக இருப்பதுதானே எஞ்சினுக்கு நல்லது? 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியதாமே?

மூலக்கூறு
ஓடியது உண்மை, ஓட்டோ நிறுவனத்தின் சின்ன எஞ்சின். ஆனால் அது எண்ணெய், அமிலம் அல்ல. வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது.

40 டிகிரியில் டீசலின் பிசுபிசுப்பு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். கடலை எண்ணெய் 40 அருகே. எண்ணெய்களில் உள்ள ஃபேட்டி ஆசிட்களில் ஒன்றான ஒலியிக் அமிலம் சுமார் 20. எண்ணெயில் கிளிசரினோடு மூன்று மூன்றாகக் கட்டுண்டிருந்த கொழுப்புச் சங்கிலிகள் அமிலத்தில் தனித்தனியானதால் பாதியாகக் குறைந்திருக்கிறது. இன்னும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அமிலத் தலைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்கின்றன. அந்தத் தலையில் ஒரு மெத்தில் தொகுதியை மாட்டி எஸ்டராக்கினால் ஜோடி சேர வழியில்லை. மெத்தில் ஒலியேட் 4.5க்கு வந்துவிடும். பயோடீசல் என்பது இதுதான்.

உங்கள் டின் உறைவதற்கும் காரணம் அதே ஜோடிதான். பால்மிட்டிக் அமிலம் உருக 63 டிகிரி வேண்டும், அதன் மெத்தில் எஸ்டருக்கு 30 போதும். ஸ்டியரிக் 69, எஸ்டர் 38. ஒலியிக் 13–16, எஸ்டரோ மைனஸ் 20. பாமாயிலில் பத்தில் நாலு பங்கு பால்மிட்டிக், ஆகவே அதன் அமிலம் மார்கழிக் காலையில் குழாயை அடைக்காமல் விடாது. கடலையிலும் பெஹெனிக் மாதிரி நீண்ட சங்கிலி அமிலங்கள் கொஞ்சம் உண்டு. அவை 80 டிகிரி அருகில்தான் உருகும், குளிரில் முதலில் கலங்குபவையும் அவைதான்.

உறையும் சங்கிலிதான் நன்றாகத் தீப்பிடிக்கும் என்பது இதில் உள்ள தொல்லை. பால்மிட்டேட், ஸ்டியரேட் எஸ்டர்களின் சீட்டேன் எண் (எவ்வளவு எளிதில் தீப்பிடிக்கும் என்பதன் அளவு) 70ஐத் தாண்டும். உறையாத லினோலியேட் (லினோலியிக் அமிலத்தின் எஸ்டர்) 40 அருகே நின்றுவிடும். ஒலியேட் நடுவில் 55க்கு மேல், குளிரிலும் ஓடும்.

நாசில் பட்டறை
உருக்கி ஊற்றினாலும் ஃபேட்டி ஆசிட் வேண்டாம் அண்ணே. பித்தளை யூனியன், காப்பர் வாஷர், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) டேங்க் எல்லாவற்றையும் தின்னும். துத்தநாகத்தோடு சேர்ந்தால் துத்தநாக சோப்பாகி ஃபில்டரில் வழவழவென்று படியும். ஃபில்டர் மாற்றினால் சரியாகும், மறுபடி அடைக்கும். டேங்கைப் பார்க்காமல் ஃபியூயல் பம்பைக் கழற்றுவார்கள். அந்தப் பம்ப் எலிமென்டில் இடைவெளி சில மைக்ரான்தான், அங்கே படிந்தால் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் இறுகி எஞ்சின் கட்டுமீறி ரேஸ் ஆகும். அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

கழிவு எண்ணெய் என்றால் டீசலில் 20 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். அந்தக் கலவை சுமார் 5 சென்டிஸ்டோக், நாசில் தாங்கும். பாதிக்குப் பாதி கலந்தால் 10ஐத் தாண்டும்: ஸ்ப்ரே உடையாமல் தாரையாக விழும், நாசில் நுனியில் கார்பன் புனல் மாதிரி வளரும், பிஸ்டன் ரிங் ஜாம் ஆகும். எரியாதது சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலைக் கூழாக்கும். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள், டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறினால் உடனே. கலவையில் ஓட்டினாலும் கடைசிப் பத்து நிமிடம் வெறும் டீசலில் ஓட்டித்தான் நிறுத்த வேண்டும்.

கிணத்துமேடு
சரி, ஃபேட்டி ஆசிட் வேண்டாம். பலகார எண்ணெயிலும் அமிலம் இருக்குமே, எவ்வளவு என்று வீட்டில் பார்க்க முடியுமா?

மூலக்கூறு
முடியும். மாவின் ஈரம் கொதிக்கும் எண்ணெயைப் பிளப்பதால்தான் அமிலம் வருகிறது. 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரையுங்கள். 10 மி.லி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் 1 கிராம் எண்ணெய், இரண்டு சொட்டு பினாப்தலின். இல்லையென்றால் மஞ்சள் தூளை அதே ஆல்கஹாலில் ஊறவைத்த தெளிவு போதும், காரம் மிஞ்சினால் சிவக்கும். சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் அரை நிமிடம் நிற்கும்போது அளவைப் பாருங்கள். 1 மி.லி. என்றால் 0.7 சதவீதம் அமிலம். எண்ணெய் சேர்க்காமல் வெறும் ஆல்கஹாலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். 1.5 மி.லி.க்குள் இருந்தால் கலக்க எடுத்துக்கொள்ளலாம். 6 வந்தால் 4 சதவீதத்துக்கு மேல், அதை விட்டுவிடுங்கள்.

எஸ்டராக்க மெத்தனாலும் காஸ்டிக்கும் சேர்க்க வேண்டும். அப்படி நினைத்தால், அந்த 4 சதவீதம் காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகி கிளிசரினைப் பிரியவிடாது. முதலில் கந்தக அமிலத்தில் ஒரு சுற்று வேண்டும். மெத்தனாலோ கொடிய விஷம், தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. வீட்டு வேலை இல்லை.

நாசில் பட்டறை
கலக்குமுன் தண்ணீரை எடுங்கள். 60 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு நாள் தெளியவிட்டு அடியை வடித்துவிடுங்கள். முறுக்கு உப்பும் அந்தத் தண்ணீரோடு போகும். பிறகு 110 வரை ஏற்றுங்கள். காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் சடசடக்கக் கூடாது. 5 மைக்ரான் பையில் வடிகட்டி, ஜி.ஐ. டின்னில் வைக்காமல் ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேனில் வையுங்கள்.