ஃபைலை அழித்தும் சர்வரில் இடம் திரும்பவில்லை: இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் உதவி தேவை

மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ, ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04, இரண்டு 4 டிபி டிஸ்க், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் மிரர் (இரண்டிலும் ஒரே டேட்டா). பூல் (மொத்த சேமிப்பிடம்) 97 சதவீதம் நிரம்பிவிட்டது. ஒரு வீடியோவை காப்பி செய்யவே திணறுகிறது. ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன; மற்றவர்களின் கல்யாண நினைவுகள் இதில்தான் இருக்கின்றன என்பதால் கை நடுங்குகிறது.

பழைய வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, இங்கே அழித்தாயிற்று. இடம் அசையவே இல்லை. ஸ்னாப்ஷாட்கள் (அந்தந்த நேரத்து ஃபைல் நிலையை அப்படியே பிடித்து வைப்பவை) எடுத்திருக்கும் இடத்தைக் காட்டும் 'யூஸ்ட்பைஸ்னாப்ஷாட்ஸ்' 1.9 டிபி என்கிறது. ஆனால் ஸ்னாப்ஷாட் பட்டியலில் ஒவ்வொன்றுக்கு நேரேயும் சில ஜிபிதான். பல ஸ்னாப்ஷாட்கள் சேர்ந்து பிடித்திருக்கும் இடம் அந்தப் பத்தியில் வராது என்பது தெரியும். அதனால் ஜனவரி முதல் ஜூன் வரை உள்ளவற்றை மொத்தமாகக் கொடுத்து, 'டெஸ்ட்ராய் -என்வி' போட்டு ஒத்திகை பார்த்தேன்: 1.4 டிபி கிடைக்கும் என்றது. சரி என்று நிஜமாகவே அழிக்கப் போனால் 'டேட்டாசெட் இஸ் பிஸி'. ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய குளோன் (எழுதக்கூடிய நகல்) எதுவும் இல்லை. 'இசட்எஃப்எஸ் ஹோல்ட்ஸ்' (ஸ்னாப்ஷாட்டை அழிக்கவிடாமல் போட்ட பூட்டுகளின் பட்டியல்) பார்த்தால் எல்லாவற்றிலும் 'பேக்கப்' என்று ஒரு டேக். நாகர்கோவிலில் உள்ள இன்னொரு மெஷினுக்கு இரவில் இன்கிரிமென்டல் செண்ட் (முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் மாறியதை மட்டும்) அனுப்பும் ஸ்கிரிப்ட் போட்டது அது. அதை எழுதியவர் இப்போது வெளிநாட்டில், தொடர்பில் இல்லை. அந்த மெஷினில் நேற்றைய ஸ்னாப்ஷாட் வரை வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். முழுவதையும் மறுபடி அனுப்ப இங்குள்ள இணைய வேகம் தாங்காது.

இரண்டு பக்கமும் பொதுவாக உள்ள கடைசி ஸ்னாப்ஷாட்டை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு, பழையவற்றின் ஹோல்டை ரிலீஸ் செய்து அழித்தால், அடுத்த இன்கிரிமென்டல் செண்ட் உடையாமல் போகுமா?