புதுப்பிப்பு: பிராக் நகரம், ஒரு நாள் நடை

பிராக் நகரை ஒரே நாளில் நடந்து பார்க்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கைகொடுத்தது 'மேலேயிருந்து கீழே இறங்குங்கள்' என்ற யோசனைதான். 22ஆம் எண் டிராமில் போஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டைக்கு ஏற்றமே இல்லை. அங்கிருந்து கோட்டைக்குக் கீழே உள்ள மாலா ஸ்த்ரானா என்ற பழைய பகுதி வழியாக சார்லஸ் பாலம் (516 மீட்டர்) வரை இறக்கம்தான். காகித டிக்கெட் என்றால் டிராமில் ஏறியதுமே பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

எதிர்பாராதது, நான் போனது ஞாயிற்றுக்கிழமை. காலையில் திருப்பலி நடப்பதால் கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்துக்குள் பகல் 12 மணிக்குப் பிறகே பார்வையாளர்களை விடுகிறார்கள். அன்று போகிறவர்கள் ஸ்த்ராஹோவ் மடத்தை முதலில் பார்த்துவிடலாம். டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பாலத்தைத் தாண்டி, பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்தில் அப்போஸ்தலர் பொம்மைகள் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொரு முறைதான் வரும், சட்டென்று முடிந்தும்விடும். தெருவெல்லாம் கல் பாவியது. மெல்லிய செருப்பு வேண்டாம்.